‘நாங்கள்’ என்றால் யார் யார்?

பைக் பயணக் கட்டுரைகளை வாசிக்கிற எல்லோருக்கும் இந்த வாக்கியம் பரிச்சயமாக இருக்கும்: “வெள்ளிக்கிழமை ராத்திரி சும்மா பேசிட்டிருந்தோம், சனிக்கிழமை விடிகாலை நானும் நண்பனும் கிளம்பிட்டோம்.” திட்டம் கிடையாது. ஆளுக்கொரு வண்டி, ஒரு டென்ட், பின் சீட்டில் எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டிய பை. அடுத்த பத்தியில் நெடுஞ்சாலை வரும். அதற்கடுத்து கொண்டை ஊசி வளைவுகள், பனி, ரோட்டோர டீக்கடை, மலை உச்சியில் சூரிய உதயம். கடைசியில், போனவன் வேறு திரும்பி வந்தவன் வேறு என்கிற மாதிரி ஒரு வரி.

இந்த வகைக் கட்டுரைகளில் நான் முதலில் பார்ப்பது வினைமுற்றைத்தான். “கிளம்பினோம்”, “நிறுத்தினோம்”, “டீ குடித்தோம்” என்று போய்க்கொண்டிருக்கும் வாக்கியங்கள் ஏதோ ஓர் இடத்தில் “பார்த்தேன்”, “உணர்ந்தேன்”, “எனக்குள் என்னவோ செய்தது” என்று மாறிவிடும். ‘ஓம்’ விகுதி ‘ஏன்’ விகுதி ஆகிற இடம் அது. பெரும்பாலும் மலை ஏறத் தொடங்கியதும் நடக்கும். நண்பன் அந்த இடத்தில் கட்டுரையை விட்டு இறங்கிவிடுகிறான். அப்புறம் அவன் வருவது வண்டி பஞ்சரானால், இல்லையென்றால் போட்டோ எடுக்க ஆள் வேண்டுமென்றால்.

தமிழில் நமக்கு ‘நாம்’ என்று ஒன்று, ‘நாங்கள்’ என்று ஒன்று, இரண்டு இருக்கின்றன. ‘நாங்கள்’ என்று எழுதும்போது வாசகரை வெளியே நிறுத்திவிட்டு நண்பனை உள்ளே வைக்கிறோம். வாசகரிடம், ‘இது எனக்கும் அவனுக்கும் நடந்தது, நீங்க அங்க இல்ல’ என்று சொல்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு நண்பனையும் கழற்றிவிட்டால் அந்த ‘நாங்கள்’ வெறும் அலங்காரம்தான்.

வ்லாக்குகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் பொருத்திய கேமராவில் தெரிவது ஹேண்டில்பாரும் சாலையும்தான். நண்பன் முன்னால் போனால் சிவப்பு டெயில் லைட். பின்னால் வந்தால் கண்ணாடியில் ஒரு புள்ளி. முகம் இல்லை. ராத்திரி டென்ட் போடும் காட்சியை டைம்லாப்ஸில் ஓட்டிப் பத்து நொடியில் முடித்துவிடுவார்கள். இரண்டு பேர் உண்மையாகவே பேசிக்கொண்டிருந்த மூன்று மணி நேரம் அந்தப் பத்து நொடிக்குள் போய்விடும்.

தனியாகப் போன பயணத்தை எழுதுவதும் நண்பனோடு போனதை எழுதுவதும் வேறு வேறு வேலை என்று நினைக்கிறேன். தனியாகப் போனவர் சொல்வதை நாம் நம்ப வேண்டியதுதான், வேறு வழியில்லை. நண்பனோடு போனால் ஒரு சாட்சி இருக்கிறது. “அப்படி ஒண்ணும் நடக்கலயே” என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன். அவன் வாயைத் திறக்க விடுகிறதா என்பதை வைத்துத்தான் இந்த எழுத்தை எடை போட வேண்டும். உலகம் பூராவும் கொண்டாடப்பட்ட மூன்று பயணங்களை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

*

முதலில் ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’. 1974இல் வந்தது. 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு அச்சானது என்ற கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1968இல் மினியாபோலிஸிலிருந்து மேற்கே கலிஃபோர்னியா வரைக்கும் போன பைக் பயணம்தான் அதன் எலும்புக்கூடு. கதைசொல்லியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பது அவருடைய 11 வயது மகன் கிறிஸ். கூடவே ஒரு பிஎம்டபிள்யூ பைக்கில் ஜான், சில்வியா என்ற நண்பர் தம்பதி. மூட்டை முடிச்சு, கூடாரச் சாமான் எல்லாம் வண்டியிலேயே.

பைக் ஓட்டிக்கொண்டே பேச முடியாது, கத்தத்தான் முடியும். பிர்சிக் இந்தக் குறைபாட்டையே புத்தகத்தின் வடிவமாக்கினார். வாய் மூடியிருக்கும் மணிக்கணக்கான நேரத்தில் கதைசொல்லியின் மண்டைக்குள் ஒரு நீண்ட சொற்பொழிவு ஓடுகிறது. தொழில்நுட்பம், தரம், பகுத்தறிவு, பைத்தியம் என்று அது விரிந்துகொண்டே போகிறது. பொறியியல் படித்தவர்களுக்கு இந்தப் புத்தகம் ஏன் பிடிக்கும் என்பது தெரிந்ததுதான். வால்வ் இடைவெளி சரிபார்ப்பதைத் தத்துவமாக எழுதிய ஆளை நாங்கள் எப்படி விட்டுவிடுவோம்?

இதில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. ஜானின் பைக்கில் ஹேண்டில்பார் லூஸாகி நழுவுகிறது. கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. இடையில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். கதைசொல்லி, காலி பீர் டின்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைக்கலாம் என்கிறார். யோசனை தொழில்நுட்பரீதியாகக் கச்சிதம். அலுமினியம் மெத்தென்றிருக்கும், நன்றாகப் பிடிக்கும், துருவும் ஏறாது. ஆனால் ஜானின் முகம் மாறிவிடுகிறது. என்னோட பிஎம்டபிள்யூல பீர் டின்னா? பேச்சு அதோடு நின்றுபோகிறது.

இதை வைத்துக் கதைசொல்லி பெரிய கோட்பாடு ஒன்றைக் கட்டுகிறார். ஜான் பொருளின் தோற்றத்தைப் பார்க்கிறான், நான் அதன் உள்ளமைப்பைப் பார்க்கிறேன், உலகத்து மனிதர்களே இப்படி இரண்டு வகை என்று போகிறது அது. ஜான் வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டே இருப்பது, சில்வியாவின் எரிச்சல் என எல்லாமே இந்தக் கோட்பாட்டுக்குச் சான்றாகச் சேர்கின்றன. வாசிக்கும்போது சுவாரசியமாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு காரியம் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. ஜான் நண்பனாக இருந்தது போய் எடுத்துக்காட்டாகிவிடுகிறான்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. நேராகச் சொன்னது தப்பாகப் போய்விட்டதே என்று யோசிக்கிற கதைசொல்லிக்கு ஒரு குறும்பு தோன்றுகிறது. பேசாமல் பீர் டின்னை வெட்டி, மேலே இருக்கும் அச்சு எழுத்தைச் சுரண்டிவிட்டு, இது ஜெர்மனியிலிருந்து வந்த விசேஷத் தகடு, கையிருப்பில் கடைசி என்று சொல்லியிருக்கலாம். ஜான் சந்தோஷமாக வாங்கி மாட்டியிருப்பான். பலரும் சிரித்துவிட்டுக் கடக்கும் இடம் இது. எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. நண்பனிடம் “உனக்கு ஏன் இது பிடிக்கல?” என்று ஒரு கேள்வி கேட்பதைவிட, அவனை ஏமாற்ற ஒரு கதை ஜோடிப்பது இவருக்குச் சுலபமாக இருக்கிறது. ராத்திரியானால் கூடாரம் போடுகிறார்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். என்ஜின் சத்தம் இல்லாத எத்தனையோ மணி நேரம் கிடைக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் வரவே இல்லை.

ஜான் ஒரு டிரம்மர். வாரம் பூராவும் வேலை, குடும்பம் என்று ஓடும் ஒருவன் பைக்கில் ஏறுவது, எதையும் கழற்றி மாட்டாத இரண்டு நாள் வேண்டும் என்பதற்காக இருக்கலாம். விடுமுறையிலும் ரிப்பேர் பாடம் எடுக்கும் நண்பனோடு போவது எவ்வளவு அலுப்பு! மொன்டானாவில் போஸ்மன் நகரத்தோடு அந்தத் தம்பதி திரும்பிப் போய்விடுகிறார்கள். புத்தகம் பெரிதாக வருத்தப்படவில்லை.

ஆனால் பிர்சிக்கைக் காப்பாற்றுவதும் இதே விஷயம்தான். ஜானை மறுக்கும் அளவுக்கு ஜானைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவனுடைய மௌனம், முகம் போன போக்கு, அவன் வண்டி மேல் வைத்திருக்கும் மரியாதை எல்லாம் பதிவாகியிருப்பதால்தான் நம்மைப் போன்றவர்கள் 50 வருஷம் கழித்தும் ஜான் கட்சியில் சேர முடிகிறது. மோசமான பயணக் கட்டுரையில் அந்த வசதிகூட இருக்காது.

இன்னும் ஒன்று. இந்தப் புத்தகத்தில் மனிதர்களைப் பார்ப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான். எதிர்ப்பக்கம் வேலைக்குப் போகும் கார்களில் ஒவ்வொரு முகமும் சோகமாக இருந்ததைச் சொல்வது சில்வியா. ஓட்டுபவர்களுக்கு அது தெரியவில்லை. கிறிஸ் நாள் கணக்காக அப்பாவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வருகிறான். முடிவை நெருங்கும்போது ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முதல் தடவையாக அப்பாவின் தோளுக்கு மேலே சாலையைப் பார்க்கிறான். எல்லாமே வேறு மாதிரி இருக்கிறது அவனுக்கு. அத்தனை நூறு பக்கத் தத்துவத்தை வாசித்த பிறகு என் மனதில் நிற்பது அந்தப் பையன் எழுந்து நின்ற இடம்தான். அதுவரைக்கும் அவன் என்ன பார்த்தான் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

*

இரண்டாவது பயணம் இன்னும் பிரபலம். 1952 ஜனவரியில் 23 வயது மருத்துவ மாணவர் எர்னெஸ்தோ குவேராவும் 29 வயது உயிர்வேதியியலாளர் அல்பெர்தோ கிரனாதோவும் 1939ஆம் வருடத்து நார்ட்டன் 500 ஒன்றில் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பினார்கள். வண்டிக்கு ‘வல்லமை மிக்கவள்’ என்று பொருள்படும் பெயர். பெயரில்தான் வல்லமை. அடிக்கடி விழுந்தது, உடைந்தது, கம்பி போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. இதுவும் ‘திடீர்’ முடிவுதான். கிரனாதோவின் வீட்டில் மாத்தே குடித்துக்கொண்டு அரட்டை அடிக்கும்போது, வட அமெரிக்கா வரைக்கும் போனால் என்ன என்று தோன்றியதில் பிறந்தது. உலகத்தில் பாதிப் பைக் பயணம் இப்படித்தான் தொடங்குகிறது போல. மீதிப் பாதி பேச்சோடு நின்றுவிடுகிறது.

சிலியில் வண்டி செத்துப்போகிறது. பைக் டைரி என்ற பெயர் பெற்ற அந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் பைக்கே கிடையாது. லாரிகளில் தொற்றிக்கொண்டும், கப்பலில் ஒளிந்துகொண்டும், நடந்தும் போகிறார்கள். சிலியின் வடக்கே சுக்கிகமாட்டா சுரங்கத்துப் பக்கம் குளிரில் நடுங்கும் கம்யூனிஸ்ட் தொழிலாளத் தம்பதியைச் சந்திப்பதும், பெருவில் சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பும் இந்தப் பின்பாதியில்தான் வருகின்றன. வண்டி ஓடியவரை இரண்டு பேரும் சாலையைப் பார்த்தார்கள். வண்டி நின்ற பிறகு அடுத்தவர் தயவில் வாழ வேண்டியிருந்தது. அதனால் ஆட்களைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இந்தப் பயணத்துக்கு இரண்டு புத்தகங்கள் இருப்பது. சே எழுதியது ஒன்று, கிரனாதோ எழுதியது இன்னொன்று. உலகமே ஒருவனுடைய முகத்தை டீ-சர்ட்டில் போட்டுக்கொண்டு திரிந்த பிறகும், இன்னொருவன் தன் நோட்டுப் புத்தகத்தைத் தனியாக வைத்திருந்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம் என்ற சாத்தியமே அந்த ‘நாங்கள்’ உண்மைதான் என்பதற்கு அத்தாட்சி. நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரியைத் தொடர்ந்து போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இரண்டு பேர் பெயரிலும்தான் வந்தது. நண்பனோடு போனதை நண்பனோடு உட்கார்ந்து எழுதலாம் என்ற யோசனை தமிழுக்குப் புதிது கிடையாது. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

2004இல் வால்டர் சாலஸ் எடுத்த படம் இந்தப் பயணத்தை ஒரு புரட்சிக்காரன் உருவாகிற கதையாக நேர்ப்படுத்திவிட்டது. கிரனாதோ பாத்திரம் அதில் பல இடங்களில் கலகலப்பூட்டும் துணைக் கதாபாத்திரம்தான், நம்ம ஊர் ஹீரோவின் நண்பன் மாதிரி. ஆனால் கடைசி நிமிடத்தில் படம் ஒரு காரியம் செய்கிறது. எண்பது வயது தாண்டிய நிஜ கிரனாதோவின் முகத்தைக் காட்டுகிறது. வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். விமானத்தில் ஏறிப் போனவன் கதையாகிவிட்டான். வழியனுப்பியவனுக்கு வயதாகியிருக்கிறது. இரண்டு மணி நேரமாக நாம் யாருடைய நினைவைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்ற கேள்வியை அந்த ஒரு முகம் திருப்பிப் போட்டுவிடுகிறது.

*

மூன்றாவதில் பைக் கிடையாது, கார்தான். ஆனாலும் வார இறுதியில் நண்பனோடு திடீரென்று முகாம் போடப் போவதைப் பற்றி இதைவிட நேர்மையாக எடுத்த படத்தை நான் பார்த்ததில்லை. கெல்லி ரைக்கார்ட்டின் ‘ஓல்ட் ஜாய்’, 2006. ஜானதன் ரேமண்டின் சிறுகதையிலிருந்து எடுத்தது.

கர்ட் ஊருக்கு வந்திருக்கிறான், மார்க்கைக் கூப்பிடுகிறான். ஒரிகான் காட்டுக்குள் வெந்நீர் ஊற்று இருக்கிறது, போய் ஒரு ராத்திரி தங்கலாம். மார்க்கின் மனைவி டான்யா கர்ப்பிணி. மார்க் அவளிடம் அனுமதி கேட்கிற மாதிரி கேட்கிறான். எப்படியும் போகத்தான் போகிறாய், எதற்கு இந்த நாடகம் என்கிற சலிப்பு அவள் பதிலில் இருக்கிறது. ‘திடீர்’ என்பதற்கு ஒரு பில் உண்டு, அதை வீட்டில் இருப்பவர் கட்டுகிறார் என்பதைப் படம் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறது. நம்ம பைக் கட்டுரைகளில் இந்த பில் கண்ணில் படுவதே இல்லை. “வெள்ளிக்கிழமை பேசினோம், சனிக்கிழமை கிளம்பினோம்” என்று எழுத முடிகிறவர்கள் யார்? வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்கிறவர்கள். ‘எங்க போற, யார் கூட, எப்ப வருவ’ என்று கேள்வி கேட்கப்படாமல் வளர்ந்தவர்கள். இந்த வகை எழுத்தில் ஆண்கள் கூட்டமாக இருப்பதற்குக் காரணம் பெண்களுக்குப் பைக் ஓட்டத் தெரியாதது அல்ல. பல பெண்களுக்கு வாழ்க்கையில் ‘திடீர்’ என்ற வினையடையே வழங்கப்படவில்லை.

படத்துக்குத் திரும்புவோம். கர்ட் வழியைக் கோட்டை விடுகிறான். இருட்டிவிடுகிறது. யாரோ குப்பை கொட்டிவிட்டுப் போன, பழைய சோஃபா கிடக்கிற ரோட்டோரத்தில் முகாம் போடுகிறார்கள். எந்த இன்ஸ்டாகிராமிலும் ஏறாத இடம். நெருப்பு எரிகிறது, பீர் இருக்கிறது. கர்ட் திடீரென்று, நமக்கு நடுவில் என்னவோ வந்துவிட்டது, எனக்கு அது பிடிக்கவில்லை, அது போய்விட வேண்டும் என்று சொல்கிறான். கண் கலங்குகிறது. மார்க் என்ன சொல்கிறான்? அதெல்லாம் ஒன்றுமில்லை, நாம் நல்லாத்தான் இருக்கிறோம் என்கிறான். உடனே கர்ட்டும் சிரித்து மழுப்பிவிடுகிறான்.

முப்பதுகளில் இருக்கும் எவரும் அந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டில் ஏதாவது ஒரு பக்கம். கல்லூரியில் ஒரே ரூமில் நான்கு வருஷம் இருந்தவனுக்கு இப்போது பிறந்தநாளுக்கு எமோஜி போகிறது. எதுவும் நடக்கவில்லை, சண்டை இல்லை, துரோகம் இல்லை. என்னவோ நடுவில் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதைச் சரிபண்ணத்தான் பாதிப் பேர் பைக்கை எடுக்கிறோம். பயணம் அதைச் சரிபண்ணும் என்று விளம்பரங்களும் சினிமாவும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ரைக்கார்ட் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அடுத்த நாள் வெந்நீர்த் தொட்டியில் ஒரு நிமிடம் எல்லாம் தளர்கிறது. கர்ட் அவன் தோளைப் பிடித்துவிடுகிறான். முதலில் விறைக்கும் மார்க் பிறகு உடலை விட்டுவிடுகிறான். அவ்வளவு நேரம்தான். ஊர் திரும்புகிறார்கள். மார்க் காரில் மறுபடி ரேடியோவைப் போட்டுக்கொள்கிறான். கர்ட் ராத்திரித் தெருக்களில் போக இடம் இல்லாதவன் மாதிரி அலைகிறான். கேமரா கர்ட்டோடு நிற்கிறது. வண்டியும் வீடும் இருப்பவனோடு வீட்டுக்குப் போகாமல் மற்றவனோடு தங்குகிறது. நான் கேட்கும் அந்தச் சாட்சியின் பக்கம் இதுதான்.

*

இரண்டு வருஷம் முன்னால் நானும் ஒரு நண்பனும் பெங்களூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆலங்காயம், அங்கிருந்து மேலே காவலூர். 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வானாய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. வானம் இருட்டாக இருக்கும், நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். வழி பூராவும் எங்கள் உரையாடல் என்றால், பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் காலை நீட்டிக் காட்டுவது, டீ வேண்டுமென்றால் இன்டிகேட்டர் போடுவது. காப்புக்காட்டில் டென்ட் போட முடியாது என்பதால், ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை விதைத்திருந்த ஒருவர் வீட்டில் கேட்டு அவர்கள் களத்தில் போட்டோம். அந்த வீட்டு அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தார். “உள்ள எடம் இருக்குது, வந்து படுங்க. எதுக்குப்பா பனில?” எங்களிடம் பதில் இல்லை.

டென்டுக்குள் இரண்டு பேரும் மல்லாந்து படுத்திருந்தோம். முகம் பார்க்காமல் பேசுவது ஆண்களுக்குச் சுலபம். அன்று ராத்திரி அவன் சொன்ன சில விஷயங்களை இங்கே எழுத மாட்டேன், அவை அவனுடையவை. ஒன்றை மட்டும் எழுதலாம், அவனே அனுமதித்திருக்கிறான். இந்த அமைதியே போதும்டா, இதுக்காகவே மாசம் ஒருதரம் வரலாம் என்று நான் ஏதோ சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான்: “மச்சி, எங்க அப்பா கடலக்காட்டுல பன்னிக்குக் காவலுக்குப் படுப்பாரு. நானும் கூடப் படுத்திருக்கேன். அதுல இருந்து தப்பிக்கத்தான்டா படிச்சேன். இப்ப ஆறாயிரத்துக்கு டென்ட் வாங்கி அதே தரையில படுத்திருக்கேன்.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த இருட்டு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இருட்டாக இல்லை.

ஒரே தரை, ஒரே ராத்திரி. எனக்கு அது விடுமுறை. அவனுக்கு அது அப்பாவின் வேலை நேரம். அந்த வீட்டு அம்மாவுக்கு அது வெறும் பனி. பயணக் கட்டுரை எழுதுகிறவர் ‘ஏன்’ விகுதிக்கு மாறிய உடனே இந்த மூன்றில் இரண்டு காணாமல் போய்விடும். மிச்சம் இருக்கிற ஒன்று, எல்லோரும் ஏற்கெனவே எழுதியதாக இருக்கும். நட்சத்திரம், அமைதி, தரிசனம். நண்பனை உள்ளே வைத்திருப்பது நட்புக்குச் செய்கிற மரியாதை என்பதைவிட, எழுத்துக்கு அது அவசியம் என்பதுதான் என் வாதம். மலையைப் பார்த்து நாம் சொல்லும் எதையும் மலை மறுக்கப்போவதில்லை. மறுக்கிற ஒரே ஆள் பக்கத்தில் படுத்திருக்கிறான்.

*

“ஒரு வீக்எண்ட் ட்ரிப்புக்கு இவ்வளவு பாரம் தேவையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு நாள் ஆஃபீஸை மறந்துவிட்டுச் சுற்றிவரப் போகிறவனிடம் போய் சாட்சி, மறுப்பு என்றெல்லாம் பேசுவது அதிகம்தான். பயணத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. போங்க, சுத்துங்க, எதையும் எழுதாமல் வந்து தூங்குங்க. எழுத உட்காரும்போதுதான் விஷயம் மாறுகிறது. ‘நாங்கள்’ என்று முதல் வரியில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால், அவனைக் கடைசி வரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எழுதுகிறவருடையது. பில்லியன் ஏற்றிக்கொண்டவர் மாதிரிதான்.

அப்படியென்றால் நண்பனின் ரகசியத்தையெல்லாம் எழுத வேண்டுமா? வேண்டாம். பிர்சிக்கிடம் நமக்குக் கிடைத்தது ஜானின் ரகசியம் கிடையாது. ஒரு பீர் டின்னைப் பார்த்து அவன் முகம் மாறியது மட்டும்தான் கிடைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது. ‘ஓல்ட் ஜாய்’ படத்தில் இருவருக்கும் நடுவில் வந்தது என்ன என்று கடைசி வரை சொல்லப்படுவதே இல்லை. நண்பனைக் காட்டுவதற்கு அவன் அந்தரங்கம் தேவையில்லை. அவன் நம்மோடு ஒத்துப்போகாத ஓர் இடம் போதும்.

இப்போது ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் இன்டர்காம் வந்துவிட்டது. போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம். பிர்சிக்குக்கு இது கிடைத்திருந்தால் அந்தப் புத்தகமே வந்திருக்காது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. இன்டர்காமில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். “லெஃப்ட்ல பள்ளம்.” “லாரி வருது, பாத்து.” “டீ?” “அடுத்த கடை.” என்ஜின் சத்தம் வெறும் சாக்குத்தான் போலிருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க மனிதர்களுக்கு இரைச்சல் தேவைப்படுவதில்லை.

அதனால் எழுதுகிற நண்பர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. கட்டுரையை முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் முன்னால் கூட வந்தவனுக்கு அனுப்புங்கள். “நல்லாருக்கு மச்சி” என்று கட்டைவிரல் எமோஜி போட்டால் கொஞ்சம் கவலைப்படுங்கள். “டேய், இப்படியா நடந்துச்சு?” என்று கேட்டால் அந்தக் கேள்வியிலிருந்து மறுபடி எழுதுங்கள்.